எல்லைப்புறத்தில் சமநீதி

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் விளங்குவது ஓசூர். கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணையாறு, இவ்வூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தங்கி, கிருஷ்ணகிரி அணை வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்கின்றது. ஆறு எல்லைக் கோட்டை அறியாது. இந்நிலத்து மக்களும் அக்கோடு வகுக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே இங்குக் கலந்து வாழ்ந்தவர்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஓசூர்ச் சந்தையில் ஒருங்கே ஒலிக்கும். தளி, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் முதலிய மலைப் பகுதிகளில் இருளர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தாண்டா எனப்படும் தனிக் குடியிருப்புகளில் லம்பாடி மக்கள் தமக்கென ஒரு மொழியோடு வாழ்கின்றனர்.

1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, இப்பகுதி சென்னை மாநிலத்துச் சேலம் மாவட்டத்தில் நிலைத்தது. 1965இல் தருமபுரி மாவட்டமும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் தனித்தனியே பிரிந்தன. 1970ஆம் ஆண்டுகளில் சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தபின், பேருந்து, இருசக்கர வண்டி, கைக்கடிகாரம் முதலியவற்றை ஆக்கும் ஆலைகள் பெருகின. கேழ்வரகும் அவரையும் விளைந்த மேட்டு நிலத்தில் ஆலைச் சங்கொலி கேட்கலாயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று.

பல மொழியினரும் பல குலத்தினரும் பல சமயத்தினரும் ஓரிடத்தில் வாழுங்கால் சமநீதி என்பது யாது? அதனை நிலைநாட்ட அரசு செய்தன யாவை? இன்னும் செய்ய வேண்டுவன யாவை? இவற்றை ஆராய்வதற்கு இவ்வெல்லைப்புறம் நல்லதோர் இடமாகும்.

முதற்கண், சமநீதி என்பதன் பொருளைத் தெளிதல் வேண்டும். எல்லோரையும் ஒன்றுபோல் நடத்துதலே சமநீதி எனச் சிலர் கருதுவர். அஃது அரைப்பங்கு உண்மையே. ஏரியின் மதகைத் திறந்தால் நீர் எல்லா வயலுக்கும் பொதுவாகத்தான் வெளிப்படுகின்றது. ஆயினும், பள்ளத்து வயல் தானே நிரம்புகின்றது. மேட்டு வயல் வறண்டு கிடக்கின்றது. மதகு திறந்துதானே உள்ளது என்று மேட்டு நிலத்து உழவனிடம் கூறினால், அவன் பயிர் பிழைக்குமா? அவனுக்கு ஏற்றம் ஒன்று அமைத்துத் தருதல் வேண்டும். ஒருவனுக்கு ஏற்றம் தருவது பிறர் நீரைக் கவர்வது ஆகாது. நிலம் மேடாயிருப்பதனால் நேர்ந்த குறையை நிரப்புவதே அதன் நோக்கமாகும். பல நூற்றாண்டுகளாகக் கல்வியும் நிலமும் பொதுக் கிணற்று நீரும் மறுக்கப்பட்ட மக்களுக்கு அரசு தரும் தனி உதவியும் அத்தன்மையதே.

தமிழகத்தில் இம்முயற்சி நூறாண்டுகளுக்கு முன்பே தொடங்கிற்று. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வீட்டுமனையும் பள்ளியும் கிணறும் அமைத்துத் தரும் பொறுப்பு, 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1921இல் பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி அமைச்சரவை, அரசுப் பணிகளில் எல்லா வகுப்பினரும் இடம்பெற வேண்டுமென ஆணை பிறப்பித்தது. 1922இல் எம். சி. ராஜாவின் முயற்சியால், இகழ்ச்சி தோன்ற வழங்கிய பழம் பெயர்களை நீக்கி, ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்றது. பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுக் கட்டடம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை, 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்து நிறைவேற்றினார். தெருவில் நடப்பதற்கும் ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது என்பதை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் நன்று.

1921ஆம் ஆண்டின் ஆணை ஏட்டளவில் நின்றது. சுப்பராயன் அமைச்சரவையில் இருந்த எசு. முத்தையா முதலியாரின் முயற்சியால், 1927, 1928ஆம் ஆண்டுகளில் அது செயலுக்கு வந்தது. பன்னிரண்டு இடங்கள் காலியாயின் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முசுலிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் கிறித்தவர்க்கும் 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 என அவை பங்கிடப்பட்டன. 1947இல் பதினான்கு இடங்களைக் கொண்ட புதிய முறை வந்தபோது, பிற்பட்ட இந்துக்களுக்கெனத் தனியே 2 இடங்கள் ஒதுக்கப்பட்டன. தாழ்த்தப்பட்டோர் பங்கும் 2 ஆயிற்று.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் இராசாசி. அவர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1938இல், பொது இடங்களில் தாழ்த்தப்பட்டோரைத் தடுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் எம். சி. ராஜாவின் முயற்சியால் நிறைவேறிற்று. மறு ஆண்டு சூலைத் திங்களில் மதுரை வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் நுழைந்தார். அவ்வாண்டே அந்நுழைவுக்குக் காப்பளிக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. எல்லைப்புறத்துச் சிற்றூரில் பிறந்த ஒருவர் ஆட்சியில் இருந்தபோது இவை நிகழ்ந்தன என்பது இப்பகுதி மாணவர் நினைவில் கொள்ளத்தக்கது.

1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்புச் சட்டம், இம்முயற்சிகளுக்கு நாடளாவிய அடித்தளம் அமைத்தது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என 14ஆம் பிரிவு கூறுகின்றது. சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவை காரணமாக வேறுபாடு காட்டுதலை 15ஆம் பிரிவு தடுக்கின்றது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என 17ஆம் பிரிவு சாற்றுகின்றது. வரைவுக் குழுவின் தலைவரான அண்ணல் அம்பேத்கர், சட்டத்தில் எழுதிய சமன்மை வாழ்வில் இடம்பெறாவிடின் குடியரசே நிலைக்காது என்று அவையில் எச்சரித்தார்.

ஆயினும் ஏற்றம் அமைக்கும் முயற்சிக்கு ஓராண்டிலேயே ஒரு தடை நேர்ந்தது. கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி முறை செல்லாது என 1951 ஏப்பிரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் பெரியார் முதலானோர் கிளர்ச்சி செய்தனர். இரண்டு திங்களுக்குள் நாடாளுமன்றம் அரசியலமைப்பை முதன்முறையாகத் திருத்தி, பிற்பட்ட வகுப்பினரின் முன்னேற்றத்திற்காக அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்னும் உட்பிரிவைச் சேர்த்தது. இன்று நாடெங்கும் நடைபெறும் கல்வி ஒதுக்கீட்டிற்கு அத்திருத்தமே வழி திறந்தது.

பிற நாடுகளும் இச்சிக்கலைக் கண்டன. அமெரிக்காவில் கறுப்பின மக்களைப் பொது இடங்களில் விலக்கி வைத்தலை 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தடை செய்தது. ஆனால், 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதும் முறையை ஏற்க மறுத்தது. ஒருவனைத் தடுக்கும் வேலியை அகற்றினால் போதுமா, அவன் ஏறுவதற்குப் படியும் கட்ட வேண்டுமா என்னும் வினா அங்கு இன்னும் ஓயவில்லை. இந்தியாவோ படி கட்டுதல் வேண்டும் என 1951இலேயே முடிவு செய்தது.

தமிழ்நாட்டில் அப்படிகள் மெல்ல மெல்ல உயர்ந்தன. சட்டநாதன் குழுவின் அறிக்கைக்குப் பின் 1971இல் பிற்படுத்தப்பட்டோர்க்கு 31 விழுக்காடும், பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் சேர்த்து 18 விழுக்காடும் வழங்கப்பட்டன. இன்று பிற்படுத்தப்பட்டோர்க்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கும் சீர்மரபினர்க்கும் 20, பட்டியல் சாதியினர்க்கு 18, பழங்குடியினர்க்கு 1 என ஒதுக்கீடு 69 விழுக்காடாக உள்ளது. 1992இல் உச்ச நீதிமன்றம் 50 விழுக்காடு என வரம்பிட்டது. அதனால் இம்முறைக்கு இடையூறு நேராவண்ணம், 1993இல் மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 1994இல் அஃது அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

ஒதுக்கீட்டின் உள்ளேயும் மேடு பள்ளம் உண்டு. பட்டியல் சாதியினருள் மிகவும் பின்தங்கியிருந்த அருந்ததியர்க்கு 18 விழுக்காட்டினுள் 3 விழுக்காட்டை 2009இல் தமிழ்நாடு அரசு தனியே ஒதுக்கியது. இத்தகைய உள்ஒதுக்கீடு செல்லும் என 2024 ஆகத்தில் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு தீர்ப்பளித்தது. அருந்ததியருள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவர். வீட்டு மொழி வேறு என்பதனால் அவர்தம் உரிமை ஒரு சிறிதும் குறைவதில்லை. தோல் பதனிட்ட கையும் தெருக் கூட்டிய கையும் எழுதுகோல் பிடிக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

இனி, மொழி பற்றிய சமநீதியைக் காண்போம். மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு மொழி பேசுவோர் சிறுபான்மையராய் எஞ்சினர். 1956இல் அரசியலமைப்பில் 350அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிலேயே தருவதற்கு ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. ஓசூர்ப் பகுதியில் தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவற்றின் வழியாகக் கற்பிக்கும் பள்ளிகள் உள்ளன. அவற்றிற்குரிய நூல்களையும் தமிழ்நாடு அரசே அச்சிட்டு வழங்குகின்றது.

ஆயினும், பள்ளியை விட்டு வெளிவரும் மாணவன் வாழப்போவது தமிழ்நாட்டில் அன்றோ? அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதவும் அரசுத் தேர்வில் வெல்லவும் தமிழ் வேண்டும். 2006ஆம் ஆண்டின் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் தமிழைப் படிப்படியாகக் கட்டாய பாடமாக்கிற்று. தமிழாசிரியர் போதிய அளவில் கிடைக்காத பள்ளிகளின் மாணவர் இடர்ப்பட்டனர். சிறுபான்மை மொழி மாணவர் சிலர் நீதிமன்றத்தை நாடி, பொதுத் தேர்வில் விலக்குப் பெற்றதும் உண்டு. விலக்கு அப்போதைக்கு ஆறுதல் தரும். ஆனால் வருங்காலக் கதவைத் திறக்காது. தாய்மொழியை இழக்காமல் தமிழையும் நன்கு கற்கும் வகையில் ஆசிரியரை அனுப்புவதே நிலைத்த உதவியாகும். பிறமொழிக் குழந்தைக்கு அன்போடு தமிழ் கற்பிப்பவர், அக்குழந்தைக்கும் தமிழுக்கும் ஒருங்கே தொண்டு செய்தவராவார்.

எல்லைப்புறத்திற்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் யாவர் என்பதை அரசியலமைப்பின் 341, 342ஆம் பிரிவுகளின்படி குடியரசுத் தலைவர் மாநிலந்தோறும் தனித்தனியே அறிவிக்கின்றார். அப்பட்டியலை மாற்றும் உரிமை நாடாளுமன்றத்திற்கே உண்டு. ஓர் இனத்தவர் ஒரு மாநிலத்தில் மிக நலிந்தும், மற்றொரு மாநிலத்தில் அவ்வளவு நலியாமலும் இருக்கலாம் என்பதே இவ்வேற்பாட்டின் காரணம். காரணம் தக்கதே. ஆனால், மூன்று மாநிலங்கள் கூடும் இடத்தில் அதன் விளைவைக் காணல் வேண்டும். லம்பாடி மக்கள் கர்நாடகத்தில் பட்டியல் சாதியினராகவும், ஆந்திரப் பிரதேசத்தில் பழங்குடியினராகவும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோராகவும் கொள்ளப்படுகின்றனர். மொழி ஒன்று, உடை ஒன்று, வழிபாடு ஒன்று, உறவும் ஒன்று. ஏட்டில் மட்டும் மூன்று பெயர்.

மற்றொன்றும் உண்டு. தன் மாநிலத்தில் பழங்குடியினராகவோ பட்டியல் சாதியினராகவோ உள்ள ஒருவர் வேறு மாநிலத்தில் குடியேறினால், அம்மாநில அரசின் கல்வி, வேலை ஒதுக்கீட்டில் அவ்வுரிமை அவரைத் தொடராது என உச்ச நீதிமன்றம் 1990இல் கூறியது. 2018இலும் அதனை உறுதி செய்தது. ஓசூருக்கும் கர்நாடகத்து அத்திப்பள்ளிக்கும் இடையே சில கல் தொலைவே உள்ளது. பிழைப்புத் தேடி அச்சிறு தொலைவைக் கடக்கும் குடும்பத்திற்கு, ஏற்றம் பழைய வயலிலேயே நின்றுவிடுகின்றது. பிறந்த மண்ணோடு மக்கள் ஒன்றியிருந்த காலத்திற்கேற்ப வகுத்த முறை, ஆலையை நாடி மக்கள் பெயரும் காலத்திற்கு எவ்வாறு பொருந்தும் என்பது ஆட்சியாளரும் அறிஞரும் ஆராய வேண்டிய வினாவாகும்.

பட்டியலில் பெயர் இருந்தும் பயன் எய்தாதாரும் உளர். தமிழ்நாட்டில் எளிதில் நலிவுறும் பழங்குடிகள் என வகுக்கப்பட்ட ஆறனுள் இருளரும் ஒருவர். உண்டு உறைவிடப் பள்ளி, கல்வி உதவித்தொகை, வீடு, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தரும் நில உரிமை ஆகியன அவர்க்கு உரியன. 2023இல் ஒன்றிய அரசு இத்தகைய குடிகளுக்கெனத் தனித் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. இவற்றுட் பலவற்றைப் பெறுவதற்குச் சாதிச் சான்று வேண்டும். பட்டியல் சாதியினர்க்கு வட்டாட்சியர் சான்றளிப்பார். பழங்குடியினர்க்குக் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ அளித்தல் வேண்டும். பொய்ச் சான்று பெறுவோரைத் தடுக்கவே இக்கட்டுப்பாடு ஏற்பட்டது. ஆனால், மலைமேல் வாழும் எழுதப் படிக்க அறியாத தந்தை, தன் பாட்டனின் பெயர் பொறித்த ஆவணத்திற்கு எங்கே போவான்? பொய்யனைத் தடுக்க வைத்த தாழ்ப்பாள் மெய்யனையும் வெளியே நிறுத்திவிடலாகாது. அலுவலர் மலையேறிச் சென்று, நேரில் விசாரித்து, சான்றினைக் கையில் கொடுத்துவரும் நாளே சட்டம் உயிர்பெறும் நாளாகும்.

சான்று பெற்றுக் கல்வி முடித்த இளைஞன் அடுத்து ஆலை வாயிலில் நிற்கின்றான். அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு அரசுப் பணிகளுக்கே உரியது. தனியார் ஆலைகளை அவ்வொதுக்கீடு கட்டுப்படுத்தாது. ஆதலின், தொழில் மிகுந்த ஓசூரில் வேலைகளுள் பெரும்பகுதி அரசின் ஏற்றத்திற்கு எட்டாத் தொலைவில் உள்ளது. இங்கு அரசு செய்யக்கூடியது, ஆலை கேட்கும் திறமையை எல்லாப் பிள்ளைகளுக்கும் அளிப்பதாகும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் உள்ள ஒதுக்கீடு இவ்வகையில் பெருந்துணை புரிகின்றது. கற்குவாரி, செங்கற்சூளை போன்ற இடங்களில் கடனுக்காக உழைப்பை அடகு வைக்கும் கொடுமையை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்தது. மீட்கப்பட்டவர்க்கு விடுதலைச் சான்றும் மறுவாழ்வு உதவியும் உண்டு. வடநாட்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இந்நாளில் தொழிலாளர் பலர் ஓசூருக்கு வருகின்றனர். அவர் முகத்தையும் மொழியையும் கண்டு இகழாமல் நடத்தல், முன்னாளில் பல மொழியினரையும் ஏற்ற இவ்வூருக்கு அழகாகும்.

ஊராட்சியிலும் சமநீதி இடம்பெறல் வேண்டும். 1992இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73ஆம் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், தலைவர் பதவிகளைப் பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் சுழற்சி முறையில் ஒதுக்கின. ஒரு காலத்தில் ஊர்ச்சாவடிக்கு வெளியே நின்றவரின் மகள், இன்று சாவடியின் உள்ளே தலைமை இருக்கையில் அமர முடிகின்றது. ஆயினும், அவ்விருக்கையில் அமர விடாமலும், கொடியேற்ற விடாமலும் தடுக்கும் நிகழ்ச்சிகள் சில ஊர்களில் நடந்தன. 2022ஆம் ஆண்டு விடுதலை நாளை ஒட்டி, ஊராட்சித் தலைவர் எவராயினும் சாதி வேறுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குத் தலைமைச் செயலாளர் எழுதினார். தேர்தலில் வென்றவர் கொடியேற்றுவதற்கும் காவல் வேண்டியுள்ளது என்பது, சட்டம் சென்ற தொலைவுக்கு மனம் இன்னும் செல்லவில்லை என்பதைக் காட்டுகின்றது.

மனம் மாறும் இடம் பள்ளியே. 1956இல் காமராசர் ஆட்சியில் பரவிய மதிய உணவுத் திட்டமும், 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பசியை மட்டும் போக்கவில்லை. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே பானைச் சோற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் பழக்கத்தையும் வளர்த்தன. சமைத்தவர் எக்குலத்தவர் என வினவி உணவை மறுக்கும் பெற்றோர் சிலர் இன்றும் உளர். அவர்களுக்கு விடை கூறும் தகுதி, அவ்வுணவை மகிழ்ந்து உண்ணும் பிள்ளைகளுக்கே உண்டு.

ஆதிதிராவிடர் குடியிருப்புகளைக் குறிக்கும் காலனி என்னும் சொல், இழிவின் அடையாளமாக வழங்கியதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்பிரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 1922இல் தொடங்கிய பணியின் தொடர்ச்சி இது. ஏட்டிலுள்ள சொல்லை அரசு நீக்கலாம். நாவிலுள்ள சொல்லை நீக்குபவர் யார்? உடன் பயிலும் மாணவனை அவன் குலத்தாலும் மொழியாலும் அழையாமல், பெயரால் அழைக்கும் மாணவரே அதனை நீக்க வல்லவர்.

அரசு சாலை அமைக்கும்; பள்ளி திறக்கும்; சான்று அளிக்கும்; இடம் ஒதுக்கும்; தடுப்பவரைத் தண்டிக்கும். இவை யாவும் இன்றியமையாதன. இவை இல்லையேல் மேட்டு வயலுக்கு என்றும் நீர் ஏறாது. ஆனால், ஏற்றத்து நீர் வாய்க்கால் வழியே செல்லும்போது, இடையிலுள்ள வயலுக்குரியவர் அதனை வெட்டித் திருப்பாமல் விடுதல் வேண்டும். அப்பெருந்தன்மையைச் சட்டத்தால் மட்டும் உண்டாக்க இயலாது. கல்வியாலும் பழக்கத்தாலும் உண்டாக்கலாம். நான்கு மொழி வழங்கும் எல்லைப்புறத்தில் பயிலும் மாணவர், அயலான் மொழியில் இரண்டு சொல்லேனும் கற்று, அவனோடு ஒரு பலகையில் அமர்ந்து, அவன் உயர்வைத் தம் உயர்வாகக் கருதுவாராயின், கடைமடை வரையில் நீர் பாயும், நாடு செழிக்கும்.